ஸ்டுடியோ வாசலில் அம்மணி

விளம்பரத்தோடு வாய்ச்சண்டை போடுகிற ஆளை என் வாழ்நாளில் நான் ஒருத்தரைத்தான் பார்த்திருக்கிறேன். சண்டை என்றால் கூப்பாடு கிடையாது, வசவு கிடையாது. "ஏனுங்க" என்று கூப்பிட்டு, கையைக் கட்டாத குறையாக மரியாதையோடு ஒரு கேள்வி. பதில் வருகிற வரைக்கும் அதே கேள்வி. அதற்குப் பேசாமல் இரண்டு அறை வாங்கிக்கொண்டு போய்விடலாம்!

முதன்முதலில் அந்தக் குரலைக் கேட்டது ஒரு சினிமாக் கொட்டகையில். ஐம்பதுகளின் கடைசி. எனக்கு அப்போது முப்பத்துநான்கு வயது, பீளமேட்டில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். சினிமா என்றால் உயிர். அதிலும் ஒரு நடிகை. பெயர் வேண்டாம், அவர் மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. அவருடைய படம் ஒன்றைப் பதினான்கு தடவை பார்த்தவன் நான். பதினான்காவது தடவையில்தான் இந்தக் கூத்து. இடைவேளையில் திரையில் ஒரு ஸ்லைடு போட்டார்கள். என் நடிகை கையில் ஒரு டம்ளரை ஏந்திக்கொண்டு சிரிக்கிறார். கீழே ஏதோ ஒரு சத்துமாவின் பெயர். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து கணீரென்று ஒரு குரல்.

"ஏனுங்கம்மா, டம்ளரு காலியா இருக்குதுங்களே! நீங்க குடிச்சு முடிச்சாச்சுங்களா, இல்லீன்னா இனிமேத்தான் ஊத்தோணுமுங்களா?"

கொட்டகையே சிரித்தது. எனக்கு வந்ததே கோபம்! எழுந்து நின்று, "யாருங்க அது? வாயை மூடிக்கிட்டு உக்காருங்க!" என்று கத்தினேன். எங்கள் ஊர்க்காரனுக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் 'ங்க' மட்டும் கூடவே வந்துவிடும்.

"உக்காந்துக்கறனுங்க. உங்க பக்கத்துல இருந்து பாத்தா நல்லாத் தெரியுமுங்க. காலியா, நெறைஞ்சதா? அதை மட்டும் சொல்லிப்போடுங்க."

பார்த்தேன். காலிதான். பதினான்கு தடவை அந்தப் படத்துக்குப் போயிருக்கிறேன், அந்த ஸ்லைடையும் ஐந்தாறு தடவையாவது பார்த்திருப்பேன், டம்ளரைப் பார்த்ததே இல்லை. பதில் சொல்லாமல் உட்கார்ந்துகொண்டேன். ஆனால் எரிச்சல் தீரவில்லை.

அடுத்த வருடம் என் மகளுக்குச் சர்க்கரை வந்தது. ஒன்பது வயதுக் குழந்தைக்கு! வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், ஒரே மாதத்தில் எலும்பும் தோலுமாகிவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, "இது சின்ன வயசுச் சர்க்கரை. தினம் இன்சுலின் ஊசி போடணும். ஆயுள் முழுக்க" என்றார் டாக்டர். எங்கள் வீடு உக்கடத்தில். பக்கத்திலேயே ஒரு தரும ஆஸ்பத்திரி இருந்தது. இன்சுலினை வைக்க அங்கேதான் ஐஸ் பெட்டி உண்டு. அதனால் விடிந்ததும் ஆறரை மணிக்கு ஊசிக்காரர்கள் எல்லோரும் அந்த வராந்தா பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். முதல் நாள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தால், பக்கத்தில் இருந்தவர் என்னையே உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்ணா, அன்னிக்குக் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலைங்களே. டம்ளரு காலிதானுங்களே?"

அந்தக் குரல்! ஐயோ என்றாகிவிட்டது.

பெஞ்சில் எல்லோரும் அவரை அம்மணி என்றுதான் கூப்பிட்டார்கள். என்னைவிட ஆறு வயது சின்னவர். இருந்தாலும் 'அவள்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பதினோரு வயதிலிருந்து ஊசி. ஒல்லி உடம்பு, பெரிய கண், கட்டம் போட்ட சேலை. முந்தானை முனையில் எப்போதும் ஒரு முடிச்சு, அதற்குள் வெல்லக்கட்டி. ஊசி போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் உடம்பில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும், ஆளே விழுந்துவிடுவார். அப்போது வாயில் போட்டுக்கொள்ள அந்த வெல்லம்.

வேலை டவுன்ஹால் பக்கத்தில் ஒரு அச்சாபீசில், நோட்டீஸ் மடிக்கிற வேலை. ஊரில் பறக்கிற லேகியம், தைலம், டானிக் நோட்டீஸ் எல்லாம் அவர் கைபட்டுத்தான் வெளியே போகும். மடிப்பதோடு விட்டால்தானே! ஒவ்வொன்றையும் படிப்பார். படித்ததில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு காலையில் பெஞ்சுக்கு வந்துவிடுவார். அதற்குப் பிறகு எங்களுக்குப் பொழுது போவதே தெரியாது.

"இதைக் கேளுங்க. பயில்வான் ஒருத்தரு தோளைக் காட்டிக்கிட்டு நிக்கறாரு. 'இந்த லேகியம் உண்டேன், இந்த உடல் பெற்றேன்'ங்கறாரு. ஏனுங்க, அப்ப அவரு தூக்குன கர்லாக்கட்டை எல்லாம் சும்மாவா? லேகியத்தை உருட்டித் தின்னுக்கிட்டுக் கட்டில்லயே படுத்திருந்தாராமா?"

சிரித்துச் சிரித்துக் குழந்தைகள் ஊசிக்கு அழ மறந்துபோவார்கள். இன்னொரு நாள் ஒரு நன்றிக் கடிதத்தைக் கொண்டுவந்தார். கரூரிலிருந்து ஒரு ஆசிரியை எழுதியதாம், டானிக் குடித்துச் சர்க்கரை நோய் பறந்துபோயிற்றாம்.

"இந்தம்மாவை எனக்கு நல்லாத் தெரியுமுங்க. போன வருசம் ஈரோட்டுல இருந்தாங்க. அப்ப முட்டிவலித் தைலத்துக்கு இதே கடுதாசி எழுதுனாங்க, ஒரு எழுத்து மாறலைங்க. பாவம், எப்பப் பாத்தாலும் ஏதாச்சும் ஒரு நோவு அவங்களுக்கு!"

கேலிதான். ஆனால் சில நாள் பேச்சு சட்டென்று வேறு மாதிரி ஆகிவிடும். ஒரு காலையில் ஒரு நோட்டீஸை மடித்துக்கொண்டே சொன்னார். "வயசானவங்களுக்கு வர்ற சர்க்கரை வேறைங்ணா. அவங்க அரிசியைக் கொறைப்பாங்க, நடப்பாங்க, அப்பிடி இப்பிடி ஓட்டிப்போடுவாங்க. நமக்கு அப்பிடியில்லீங்க. நமக்கு ஊசி இல்லீன்னா நாலு நாளு. படத்துல சிரிக்கறவங்க எல்லாத்துக்கும் ஒரே கரண்டியைக் காட்டறாங்க பாருங்க, அதுதான் எனக்குப் பொறுக்க மாட்டேங்குது. அவங்க நம்மளை நெனைச்சே பாக்கலைங்க."

நான் கேட்டேன். தலையை ஆட்டினேன். அப்புறம் அவ்வளவையும் மறந்துபோனேன்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவிட்டால்தானே! பெண் பார்க்க வந்தவர்களிடம் காப்பித் தட்டை நீட்டிக்கொண்டே, "எனக்குச் சர்க்கரை இருக்குதுங்க, தினம் ஊசி போட்டுக்கறனுங்க. சொல்லாம இருந்தா அப்புறம் நீங்க என்னைக் கேப்பீங்கல்லங்க" என்று தானே சொல்லிவிடுவார். அவருடைய அம்மா அதன் பிறகு மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். "பொய் சொல்லி ஒரு ஊட்டுக்குள்ள போனா, அங்க ஊசியை எங்கீங்க ஒளிச்சு வெக்கறது?" என்று பெஞ்சில் சொல்லிச் சிரித்தார். அம்மணியிடம் பொய்யே கிடையாது. மற்றவர்களையும் விட மாட்டார். கம்பவுண்டர் ஒரு நாள் பழைய ஊசியையே எடுத்துக்கொண்டு வந்து புது ஊசி என்றார். "ஏனுங்க, எப்ப வாங்குனதுங்க?" என்று ஆரம்பித்தவர், அது மூன்று மாதம் பழையது என்று அவரே ஒப்புக்கொள்கிற வரைக்கும் நகரவில்லை.

அந்த ஊசிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றும் சொல்லலாம். தண்ணீரில் கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்து முனை மழுங்கிப்போன ஊசி. பாப்பாவின் தொடையெல்லாம் கட்டி கட்டியாக வீங்கியிருக்கும். ஒவ்வொரு காலையும், "இன்னைக்கு மட்டும் வேண்டாமுங்கப்பா, நாளைக்கு ரெண்டாப் போட்டுக்கறேன்" என்று காலைக் கட்டிக்கொள்வாள். எந்த அப்பனுக்கு மனசு தாங்கும்?

இப்படி இரண்டு வருடம் ஓடியிருந்த சமயத்தில்தான் கொட்டகை இடைவேளையில் என் கையில் ஒரு ஊதாக் காகித நோட்டீஸ் வந்து விழுந்தது. என் நடிகை! ஒரு கையில் டானிக் பாட்டில், ஒரு கையில் கரண்டி. 'நான் தினமும் அருந்துகிறேன். சர்க்கரை நோயாளிகளே, இனி ஊசி எதற்கு?' என்று கேட்டிருந்தார். என்னைப் பார்த்தே கேட்ட மாதிரி இருந்தது. அடேயப்பா, அன்று எனக்கு இருந்த சந்தோஷம்! படத்தின் மீதியைக்கூடப் பார்க்காமல் ஓடிப்போய் இரண்டு பாட்டில் வாங்கினேன். பாட்டில் பெட்டிக்குள் இருந்த தாளில் பத்தியம், அளவு, எல்லாம் விவரமாக இருந்தது. ஒரு வரி இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். 'முதல் வாரத்தில் தாகம், வாந்தி, சோர்வு ஏற்படும். சிறுநீர்ப் பரிசோதனையில் நிறம் கூடும். நோய் வெளியேறுவதன் அறிகுறி இது. அஞ்ச வேண்டாம்.'

திங்கட்கிழமை காலையில் பாப்பாவுக்கு ஊசி இல்லை. ஒரு கரண்டி டானிக். நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு இன்னொரு கரண்டி கேட்டாள். என் சம்சாரத்துக்குப் பயம். "கம்பவுண்டரை ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் செய்யலாமுங்களே" என்றாள். நான் ஒரு அதட்டுப் போட்டேன். எனக்குத் தெரியாமல் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்று ஊசிச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். அந்தச் சீட்டு இல்லாமல் ஆஸ்பத்திரியில் ஊசி போட மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மணி வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்ணா, பாப்பா ரெண்டு நாளா வரலைங்களே?"

நான் பெருமையாகப் பாட்டிலைக் காட்டினேன். அவர் பக்கத்தில் கிடந்த ஊதாக் காகிதத்தை எடுத்தார். நோட்டீஸைப் பார்த்து, "இது நான் மடிச்சதுங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு கண்ணாடிக் குழாயைக் கேட்டு வாங்கினார். ஊசிக்காரர் வீடு எல்லாவற்றிலும் அது இருக்கும். குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் சர்க்கரை தலைக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். அம்மணி காய்ச்சினார். கொதிக்கும் முன்பே செக்கச்செவேல் என்று செங்கல்.

"பாத்தீங்களாங்ணா?"

"பாத்தனுங்க அம்மணி!" என்று நான் குதித்தேன். "நோவு வெளிய வருதுங்க! தாள்லயே போட்டிருக்குது பாருங்க, நெறம் கூடுமுன்னு!"

இதைச் செய்தவன் படிக்காதவன் இல்லை. மெஷின் சத்தத்தை வைத்தே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவன். இரண்டு வருடமாக அந்தக் குழாயில் சிவப்பைக் கண்டாலே நடுங்கியவன். ஒரே ஒரு வரியைப் படித்துவிட்டு அதே சிவப்பைப் பார்த்து ஆனந்தப்பட்டேன்.

அம்மணி அசரவில்லை. குழாயைக் கழுவி, நீல மருந்து ஊற்றி, டானிக்கிலேயே எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சினார். அதுவும் செங்கல்.

"இது முச்சூடும் தேனும் திராட்சைச் சாறுமுங்க. சர்க்கரைக்குச் சர்க்கரையவே குடுக்கறீங்ணா."

"அது மருந்தோட சாரமுங்க. அவங்களே குடிக்கறாங்க, பொய்யா சொல்லுவாங்க?"

"யாருங்க?"

நடிகையின் படத்தைக் காட்டினேன். அம்மணி அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தார். "அந்தம்மாளே வேண்டாமுன்னு சொன்னாக் கேப்பீங்களாங்ணா?" என்றார். "அவங்க சொன்னா ஏனுங்க கேக்க மாட்டேன்?" என்றேன். அது எனக்குக் கேலியாகப் பட்டது, அவ்வளவுதான். அவர் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதை நான் கொண்டுபோறனுங்க. ஊட்டுல இன்னொண்ணு இருக்குதல்லங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

என் நடிகை அப்போது கோயமுத்தூரில்தான் இருந்தார். திருச்சி ரோட்டு ஸ்டுடியோவில் படப்பிடிப்பு. ஊருக்கே தெரியும்.

புதன்கிழமை பாப்பா விடிகாலையிலிருந்தே வாந்தி எடுத்தாள். 'வாந்தி' என்று தாளில் இருக்கிறதே! மூன்றாம் நாளே வந்துவிட்டது, மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று சம்சாரத்திடம் சொல்லிவிட்டு மில்லுக்குப் போனேன். சாயங்காலம் திரும்பியபோது குழந்தை பாயில் கிடந்தாள். மூச்சு மட்டும் நீள நீளமாக இழுத்துக்கொண்டிருந்தது. வாயில் அழுகின பழ வாசனை. "பாப்பா, கண்ணு" என்றால் கண்ணைப் பாதி திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். சம்சாரம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் பயம் வந்துவிட்டது, ஆனால் வாய் மட்டும், "ஒரு வாரம், ஒரு வாரம் பொறு" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஊசிச் சீட்டு பையிலேயே இருந்தது. என் கைக்கு என்ன வந்ததோ, அதை எடுக்கவில்லை.

ஐந்தரை மணி இருக்கும். அம்மணி ஓடிவந்தார். சேலையெல்லாம் புழுதி, முழங்கையில் சிராய்ப்பு.

"பாத்துப்போட்டனுங்ணா! அந்தம்மாளைப் பாத்துப் பேசிப்போட்டனுங்க!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரு, அவங்களையா? நேர்லயா?"

"நேர்லதானுங்க. உங்க சமாச்சாரத்தைச் சொன்னனுங்க. 'ஐயையோ, ஊசியை நிறுத்தச் சொல்லி நான் எப்பச் சொன்னேன், கம்பெனிக்காரங்க அவங்களாப் போட்டுக்கிட்டாங்க. அந்தக் கொழந்தைக்கு மொதல்ல ஊசியைப் போடச் சொல்லுங்க, என் ரசிகர்னா இதை ஒடனே செய்யச் சொல்லுங்க'ன்னாங்க."

என் ரசிகர்! அவர் வாயால்! அந்த நிலையிலும், குழந்தை மூச்சு இழுத்துக்கொண்டிருக்கையிலும், இந்தப் பாவி என்ன கேட்டேன் தெரியுமா? "என்ன சேலைங்க கட்டியிருந்தாங்க?"

அம்மணி ஒரு வினாடிதான் தயங்கினார். "ஊதாச் சேலைங்க. கெளம்புங்ணா!"

அதற்குப் பிறகு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் நடிகையே சொல்லிவிட்டார், ஆகவேண்டியது அவ்வளவுதான்! பாப்பாவை வாரித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினேன். ஒரு ஜட்கா கிடைத்தது. பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் அம்மணி வண்டியின் முன்பக்கம் நின்றுகொண்டு, "வழி உடுங்க, வழி உடுங்க" என்று கத்திக்கொண்டே வந்தார். டாக்டர் குழந்தையின் வாயை முகர்ந்து பார்த்தார். என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. இன்சுலின், நரம்பில் உப்புத் தண்ணீர் என்று ஏற்ற ஆரம்பித்தார்கள். வியாழக்கிழமை மத்தியானம் என் மகள் கண்ணைத் திறந்து, "அம்மா, பசிக்குது" என்றாள். நானும் சம்சாரமும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் வார்டில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள்.

சனிக்கிழமை அம்மணி வார்டுக்கு வந்தார். பாப்பா உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். நான் பக்கத்துக் கட்டில்காரரிடம் என் நடிகையின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று நாளாக அதுதான் என் வேலை. எவ்வளவு பெரிய மனசு, ஊதாச் சேலையில் எப்படி இருந்திருப்பார் என்று. அம்மணி என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஒண்ணு சொல்லோணுமுங்ணா. நான் அந்தம்மாளைப் பாக்கவே இல்லீங்க."

எனக்குப் புரியவில்லை.

"கேட்டுலயே நிறுத்திப்போட்டாங்க. காத்தால எட்டு மணிக்குப் போனவ சாயங்காலம் நாலு மணி வரைக்கும் நின்னனுங்க. காரு ரெண்டு தடவை போச்சுங்க. கண்ணாடியை ஏத்திவிட்டிருந்தாங்க. ஆளு உள்ளார இருந்தாங்களோ இல்லியோ, அதுகூடத் தெரியாதுங்க. அவங்க ஒண்ணுமே சொல்லலைங்க. நானாச் சொன்னதுங்க."

"அப்ப ஊதாச் சேலை?"

"நோட்டீஸ் காகிதத்தோட நெறமுங்க. வேற எதுவும் வாயில வரலைங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஆமாம், கோபம்தான்! மகளைப் பிழைக்கவைத்தவர் மேல், ஏமாற்றிவிட்டாரே என்று. எனக்கெல்லாம் கோபப்பட என்ன யோக்கியதை இருந்தது? இருந்தாலும் வந்தது. "பொய் சொல்ல மாட்டீங்கன்னு நெனைச்சனுங்களே அம்மணி" என்றேன்.

"நானும் அப்பிடித்தான் நெனைச்சிருந்தனுங்க" என்றார். கண் நிறைந்துவிட்டது. "அன்னிக்கு நானும் ஒரு விளம்பரம் போட்டுப்போட்டனுங்ணா. அந்தக் கம்பெனிக்காரன் செஞ்சதையேதான் நானும் செஞ்சேன், அவங்க மூஞ்சியக் காட்டி. மூணு நாளாத் தூக்கமில்லீங்க. இனிமே நான் ஒண்ணு சொன்னாலும் அப்பிடியே நம்பாதீங்க. கேளுங்க. யாரு சொன்னா, எங்க சொன்னான்னு கேளுங்க."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். திரும்பியபோது அந்த முழங்கைச் சிராய்ப்பு மறுபடியும் கண்ணில் பட்டது. என் வாழ்க்கையில் அவரைப் பற்றி நான் அவரிடமே கேட்ட முதல் கேள்வி அதுதான். "ஏனுங்க, இது எப்பிடி ஆச்சுங்க?"

முந்தானையால் சிராய்ப்பை மூடினார். பிறகு சொன்னார். அன்று காலையில் ஊசி போட்டுக்கொண்டு போனவர், சோற்றுக்கு இடத்தை விட்டு நகர்ந்தால் காரைத் தவறவிட்டுவிடுவோம் என்று அந்த வாசலிலேயே வெயிலில் நின்றிருக்கிறார். முடிச்சில் இருந்த வெல்லம் பதினோரு மணிக்கே தீர்ந்துவிட்டது. இரண்டு மணிக்குக் கை நடுங்கியிருக்கிறது, வியர்த்துக் கொட்டியிருக்கிறது. வாட்ச்மேனிடம் கொஞ்சம் சர்க்கரை கேட்க வாயைத் திறந்தால் நாக்குக் குழறியது. குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று அவன் அக்கட்டால தள்ளிப் போகச் சொன்னான். அப்படியே விழுந்துவிட்டார்.

"கண்ணு இருட்டிப்போச்சுங்க. பையில கை உட்டா அந்த டானிக் பாட்டிலு. பல்லுலயே மூடியைக் கடிச்சுத் தொறந்து, பாதிப் பாட்டிலைக் குடிச்சுப்போட்டனுங்க. பத்தே நிமிசம், எந்திரிச்சு உக்காந்துட்டனுங்க! அத்தனையும் சர்க்கரைன்னு சொன்னனில்லீங்களா. அது ஒண்ணு மட்டும் பொய்யில்லீங்ணா."

சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். சாகக் கிடந்த அம்மணியைத் தூக்கி நிறுத்தியது என் மகளுக்கு நான் ஊட்டிய அதே சர்க்கரை. குழாயில் இரண்டு தடவை சிவப்பைக் கண்டும் நம்பாதவன், அந்த முழங்கையைப் பார்த்து நம்பினேன். அன்றைக்கு அந்தக் கேட்டுக்கு வெளியே அவர் எழுந்திருக்காமலே போயிருந்தால், எனக்குப் பொய் சொல்லக்கூட ஒருத்தர் வந்திருக்க மாட்டார். நான் ஏழாம் நாள் வரைக்கும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இரண்டு வாரம் கழித்துப் பாப்பாவும் நானும் மறுபடியும் பெஞ்சுக்குப் போனோம். அம்மணி பேசுவதைக் குறைத்துவிட்டிருந்தார். மடியில் நோட்டீஸ் இல்லை. கேலி இல்லை. குழந்தைகள், "அக்கா, பயில்வான் கதை சொல்லுங்க்கா" என்று நச்சரித்தார்கள். "நான் சொல்லலாமோ கூடாதோ தெரியலை கண்ணு" என்றார். அந்த வாயை அடைத்தது நான்தானே.

அப்படியே ஒரு மாதம் போயிருக்கும். துடியலூரிலிருந்து ஒருவர் ஐந்து வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். ஊசிக்கு வரவில்லை. கம்பவுண்டரிடம், "இனிமே வர மாட்டமுங்க, பேரை அடிச்சுப்போடுங்க" என்று சொல்லிப்போக வந்தவர். சட்டைப் பையில் மடித்து வைத்த ஊதாக் காகிதம் எட்டிப் பார்த்தது. முகமெல்லாம் அப்படி ஒரு சந்தோஷம்! எனக்கு அந்தச் சந்தோஷம் தெரியும்.

அம்மணி அந்தக் காகிதத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. என்னைப் பார்த்தார்.

கம்பவுண்டர் நோட்டைப் புரட்டிப் பேரைத் தேடிக்கொண்டிருந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோருக்கும் நான் மில் ஃபிட்டர், மகளை உயிராக வளர்க்கிறவன், அவ்வளவுதான் தெரியும். அந்த மூன்று நாள் கதையை அம்மணி யாரிடமும் சொல்லவில்லை. பாப்பா என் மடியில் உட்கார்ந்துகொண்டு என் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். தன்னைச் சாகக் கிடத்தியது அந்த டானிக்தான் என்று அவளுக்குக்கூட அதுவரைக்கும் தெரியாது.

நான் எழுந்தேன். அந்த மனிதருக்கு என் இடத்தைக் காட்டினேன்.

"ஏனுங்க, இப்பிடி வந்து உக்காருங்க. எம் பையிலயும் அந்தக் காகிதம் இருந்துச்சுங்க. அதை நம்பித்தானுங்க இந்தப் பொண்ணை நானே கொல்லப் பாத்தேன்."